பதினொரு வரிக்கு விடுதலை

இளமதி கேட்டது பதினொரு வரி. அவளுக்குக் கிடைத்தது சுதந்திரம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று எப்படிக் கிடைத்தது என்று புரியவேண்டுமானால், முதலில் தண்ணீர் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்மாய் மடையைத் திறந்ததும் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போய்விடாது. நடந்துதான் போகும். மடையை ஒட்டிய வயல்களுக்கு நாலே எட்டு வைத்தால் போதும். கடைமடைக்கு ஆயிரத்து நூறு மீட்டர். வாய்க்கால் காய்ந்து கிடந்தால் வழியெல்லாம் மண் குடிக்கும். மண் குடித்த மிச்சம்தான் முன்னேறும். இளமதி இதை அளந்தே பார்த்துவிட்டாள். தண்ணீரின் முனையில் ஒரு காய்ந்த வாழைமட்டையைப் போட்டுவிட்டு, கையில் செல்போன் கடிகாரத்தோடு கரை மேலேயே கூட நடந்தாள். மட்டை கடைமடைக்கு வந்துசேர ஐம்பத்திரண்டு நிமிடம். வழியில் மூன்று பேர் என்ன தொலைந்துபோனது என்று விசாரித்தார்கள்.

இருபத்தொன்பது வயதான இளமதிக்குத் திருவரங்குளம் கடைத்தெருவில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பட்டாவும் சிட்டாவும் நகல் எடுத்துக் கொடுக்கிற வேலை. யாருக்கு எத்தனை சென்ட் என்பது மனப்பாடமாகிவிட்டதால், மழை குறைந்த ஒரு வருடத்தின் கடைசியில், யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பிரித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை எழுதினாள். பெயர் ‘முறைத்தண்ணி’. ‘நாளை காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை உங்கள் முறை’ என்று அவரவர் செல்போனுக்குச் செய்தி வரும். மென்பொருளின் உள்ளே இருக்கும் வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்தாள். ஓட்டல்காரர் தன் சாம்பார்ப் பொடியின் செய்முறையைக் கடை வாசலில் ஒட்டி வைப்பது மாதிரி. உலகம் முழுக்க இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல வழக்கம்.

இந்த நல்ல வழக்கத்தை ஆதரிப்பதற்கென்று புதுக்கோட்டையில் ஒரு திறந்த மென்பொருள் பேரவை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு பேரவை முறைத்தண்ணியைத் தன் குடையின்கீழ் சேர்த்துக்கொண்டது. அதன்பிறகு மென்பொருளின் சாவி பேரவையிடம் போனது. சாவி என்றால் ஒரு நீளமான எண். புதிய பதிப்பு வரும்போது, பழைய ஆள்தான் அனுப்பியிருக்கிறாரா என்று செல்போன் அந்த எண்ணை வைத்துச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. அருமையான ஏற்பாடு. அந்த எண் ஒரு பென் டிரைவில் இருந்தது. பென் டிரைவ் ஒரு உறையிலும், உறை பேரவையின் இரும்பு பீரோவிலும் இருந்தன.

இரண்டு வருடம் நல்ல மழை. வாய்க்கால் எப்போதும் ஈரமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வருடம் கார்த்திகையோடு மழை நின்றுபோனது. மார்கழி நாலாம் தேதி உண்ணாமலையிடமிருந்து போன் வந்தது. உண்ணாமலைக்குக் கடைமடையில் ஒரு ஏக்கர். நெல் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நின்றது. எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். இன்னும் நாலு முறை முழுசாகப் பாய்ந்தால் கதிர் பால்பிடித்து மணியாகிவிடும்.

“ஏத்தா, ஒன் செல்லு ஆறு மணிங்குது. நானும் ஆறுக்கெல்லாம் மம்பட்டியோட நிக்கிறேன். தண்ணி ஏழுக்குத்தான் வருது. எட்டுக்கு வீரய்யா அவரு வாமடைய வெட்டிக்கிட்டுப் போயிர்றாரு. எனக்கு ரெண்டு மணி நேரமா, ஒரு மணி நேரமா?”

“ரெண்டு மணி நேரந்தான் அயித்த.”

“அப்ப மிச்சத்த யாரு குடிச்சா, நீயா?”

இளமதிதான் குடித்திருந்தாள். தண்ணீர் நடக்கும் என்பதைத் தன் மென்பொருளுக்கு அவள் சொல்ல மறந்திருந்தாள். தலைமடைக்காரரான வீரய்யா தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்ப வாமடையை வெட்டிய பிறகு வாய்க்காலில் தேங்கி நிற்கும் தண்ணீரும் உதவாது. வயலுக்கு ஏறவேண்டுமானால் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னும் தண்ணீர் வேண்டும். வாழைமட்டையோடு நடந்த அன்று மத்தியானமே அவள் திருத்தத்தை எழுதி முடித்தாள். தூரத்தைப் பார், நடக்கிற நேரத்தைக் கணக்கிடு, முறையை அங்கிருந்து தொடங்கு. மொத்தம் பதினொரு வரி.

திருத்தத்தை வெளியிட, பேரவையின் தரக் குழு கூடவேண்டும். குழு அடுத்துக் கூடுவது பங்குனியில். நெல்லுக்குப் பங்குனி வரை பொறுமை கிடையாது. ஆகவே, ‘சிறு திருத்தங்களை நாங்களே வெளியிட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று பேரவைக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

அங்கேதான் தப்பு செய்தாள்.

பேரவைத் தலைவரின் பெயர் திருப்பதி. கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை மூன்று முறை படித்தார். உடனே சிறப்புக் கூட்டம் கூட்டினார். பொருள்: முறைத்தண்ணி பேரவையிலிருந்து பிரிந்து சுதந்திர அமைப்பாக வேண்டுமா?

மார்கழி பத்தாம் தேதி நடந்த கூட்டத்தில் இளமதியை முன்வரிசையில் தனி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலைவர் எழுந்தார்.

“ஒரு குழந்தை தனியாக நடக்க ஆசைப்படுவது இயற்கை. அதைத் தடுப்பது நமது நோக்கமல்ல. அந்தக் குழந்தைக்குக் கால் இருக்கிறதா என்று ஆராய்வதே நமது நோக்கம். கால் இருந்தால், அந்தக் கால் யாருடையது என்றும் ஆராய வேண்டியிருக்கிறது.”

கைதட்டல் ஓய்ந்ததும் இளமதி எழுந்தாள். “சார், நான் சுதந்திரம் கேக்கலைங்க. பதினோரு வரி போடணும், அவ்வளவுதான்.”

“ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தாம்மா கேப்பாங்க” என்றார் தலைவர், கனிவாக.

“தண்ணி போய்ச்சேர அம்பத்திரெண்டு நிமிசம் ஆகுது சார். நெல்லு காயுது.”

தலைவர் சபையைப் பார்த்தார். “குற்றச்சாட்டு. இது ரெண்டாவது கட்டம்.”

முடிவு எடுக்கும் பொறுப்பை ஏழு பேர் கொண்ட ஆட்சிக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். முடிவு வரும்வரை மென்பொருளில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சுதந்திரம் கிடைத்தால் மென்பொருளின் பிறந்தநாளை எந்தத் தேதியில் கொண்டாடுவது என்று ஆராய ஒரு துணைக்குழுவும் அமைந்தது. துணைக்குழு அன்றே கூடி அன்றே கலைந்தது. அதுதான் பேரவையின் வரலாற்றில் மிக வேகமாக முடிந்த வேலை என்று செயலர் அன்வர் பாட்சா பெருமையோடு இளமதியிடம் சொன்னார்.

இனி ஆட்சிக் குழு எப்படி முடிவெடுக்கிறது என்று பார்ப்போம். இது சுவாரசியமான இயந்திரம்.

வெளிநாடுகளில் பெரிய பெரிய மென்பொருள் அமைப்புகள் ஒரு முறையைப் பின்பற்றுகின்றன. தீர்மானத்தை எல்லோருக்கும் மெயிலில் அனுப்புவார்கள். எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். யாரும் மறுத்துப் பேசாவிட்டால் நிறைவேறியதாக எடுத்துக்கொள்வார்கள். ஏன் எழுபத்திரண்டு என்றால், உறுப்பினர்களில் ஒருவர் ஜப்பானிலும் ஒருவர் பிரேசிலிலும் இருப்பார். ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்குவார். இடையில் ஞாயிற்றுக்கிழமை வேறு வரும். எல்லோருக்கும் படிக்க அவகாசம் வேண்டும். வேலை வேகமாக நடப்பதற்காக வந்த விதி இது.

பேரவை இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டது. பேரவையின் ஏழு உறுப்பினர்களும் புதுக்கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்கு ஒரே சுவர். ஆனாலும் எழுபத்திரண்டு மணி நேரம்தான். கூடவே பேரவை தன் பங்குக்கு இரண்டு உட்பிரிவுகளைச் சேர்த்தது. ஒன்று: உறுப்பினர் யாராவது எதையாவது பதிலாக எழுதினால், மற்றவர்கள் அதை யோசித்துப் பார்ப்பதற்காக எழுபத்திரண்டு மணி நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு: அப்படித் தொடங்கியதைச் செயலர் மெயில் அனுப்பி அறிவிக்கவேண்டும், அறிவிக்காமல் கடிகாரம் ஓடாது.

மார்கழி பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அன்வர் பாட்சா தீர்மானத்தை அனுப்பினார்: ‘முறைத்தண்ணி சுதந்திரம் அடையலாம்.’ யாருக்கும் மறுப்பில்லை. தலைவருக்கே சம்மதம். ஒரு நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. உறுப்பினர் வெள்ளைச்சாமி எழுதியிருந்தார்: ‘நான் தற்போது விடுப்பில் உள்ளேன். பணிக்குத் திரும்பியதும் தங்கள் கடிதத்துக்கு உரிய பதில் அளிப்பேன்.’

வெள்ளைச்சாமி எழுதவில்லை. அவருடைய மெயில் எழுதியது. அவர் வேலைபார்த்த அலுவலகத்தில் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் விடுப்பு எடுத்தபோது, வருகிற மெயிலுக்கெல்லாம் தானாகவே இப்படிப் பதில் போகட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஏற்பாடு ஓய்வு பெறவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அன்வர் பாட்சா விதிப்படி அறிவிப்பு அனுப்பினார்: பதில் வந்திருக்கிறது, எழுபத்திரண்டு மணி நேரம் புதிதாகத் தொடங்குகிறது. அந்த அறிவிப்புக்கு ஒரு நிமிடத்தில் வெள்ளைச்சாமியின் மெயில் பதில் போட்டது. அதற்கு மறுநாள் பத்து மணிக்கு ஓர் அறிவிப்பு. அதற்கு ஒரு பதில்.

இளமதி நாலாம் நாள் பேரவை அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

“அண்ணே, நீங்க அறிவிப்பு அனுப்புறதாலதான் அந்தப் பதிலே வருது. ஒரு நாளு அனுப்பாம இருங்க.”

“அனுப்பலைன்னா கடிகாரம் ஓடாதும்மா.”

“அனுப்புனா?”

“ஓடும். ஒரு நிமிசம் ஓடும்.” அன்வர் பாட்சா நல்ல மனிதர். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “எனக்கு மட்டும் ஆசையாம்மா? வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போறப்பக்கூட அந்த அறிவிப்பு போயிருச்சான்னு பாத்துட்டுத்தான் போறேன்.”

“அது மெசினு எழுதுறதுண்ணே.”

“தெரியும். ஆனா உறுப்பினர் பேர்ல வருதே! பதில் அளிப்பேன்னு வேற எழுதியிருக்கார். பதில் சொல்றேன்னு ஒரு உறுப்பினர் சொல்லியிருக்கிறப்ப, அதுக்குள்ள முடிவு பண்ணிட்டா நாளைக்கி அவரு என்னைக் கேக்க மாட்டாரா?”

“அப்ப அவரை நீக்கிருங்க.”

இது நல்ல யோசனை என்று அன்வர் பாட்சா ஒப்புக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து, வெள்ளைச்சாமியை ஆட்சிக் குழுவிலிருந்து நீக்கும் தீர்மானத்தை எழுதி ஏழு பேருக்கும் அனுப்பினார். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. ‘நான் தற்போது விடுப்பில் உள்ளேன்.’

“பாத்தீங்களா? தன்னை நீக்குறதப் பத்தியே அவரு ஏதோ சொல்ல வாராரு” என்றார் அன்வர் பாட்சா. “கேக்காம இருக்க முடியுமா?”

அடுத்து இருவரும் டவுன் பஸ் ஏறித் திருக்கோகர்ணத்துக்குப் போனார்கள். வெள்ளைச்சாமி வீட்டில்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

“அட! ரெண்டு வருசமா எம்பேர்ல ஆபீஸ்ல ஒருத்தன் பதில் சொல்லிக்கிட்டு இருக்கானா? நான் இருந்தப்பகூட இவ்வளவு கரெக்டா பதில் போட்டதில்லையேய்யா!”

“சம்மதம்னு ஒரு மெயில் போட்டுருங்க சார்” என்றாள் இளமதி.

“தாராளமா. இந்தப் பேரவையில நான் இன்னும் மெம்பருங்குறதே இப்பத்தான் தெரியுது. ஆனா பாஸ்வேர்டு மறந்துபோச்சே.”

“மாத்திக்கலாம் சார். செல்லுக்கு ஒரு நம்பர் வரும்.”

“ஆபீஸ் செல்லுக்குத்தாம்மா வரும். அத அன்னைக்கே ஒப்படைச்சுட்டு வந்துட்டேன்.”

“ஆபீஸ்ல சொல்லி மெயிலை மூடச்சொல்லலாமுல்ல?”

“போன வருசமே கேட்டேன். கோரிக்கைய எந்த மெயிலை மூடணுமோ அந்த மெயில்லேருந்துதான் அனுப்பணுமாம்.”

கைப்பட எழுதித் தருவதாகச் சொன்னார். ஆட்சிக் குழுவின் மெயிலுக்கு வெளியே வருவது பதிலாகாது என்று அன்வர் பாட்சா வருத்தத்தோடு விதியைச் சொன்னார். புது மெயில் முகவரி தொடங்கலாம். ஆனால் அந்த முகவரியைக் குழுவில் சேர்ப்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டும். தீர்மானத்தை ஏழு பேருக்கும் அனுப்பவேண்டும். வெள்ளைச்சாமி முறுக்குத் தட்டை முன்னால் நகர்த்தினார்.

மார்கழி முடிவதற்குள் உண்ணாமலைக்கு மூன்று முறை போய்விட்டது. மூன்றிலும் பாதிப் பாதி. பாதித் தண்ணீர் பாய்ந்தால் வயலின் மேல்பாதி நனையும், கீழ்ப்பாதி நனையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. வெடித்த மண்ணில் தண்ணீர் முதலில் வெடிப்பை அடைத்துக்கொண்டிருக்கும். வெடிப்பு மூடி, தண்ணீர் மேலே நிற்கத் தொடங்கும்போது முறை முடிந்துவிடும். பாதித் தண்ணீர் என்பது வேர்களுக்குக் கால்வாசிகூட இல்லை.

இளமதிக்குக் கடைசியாக ஒரு வழி மிச்சமிருந்தது. திறந்த மென்பொருளில் எப்போதும் மிச்சமிருக்கிற வழி. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றால், எழுதியவளும் நகலெடுக்கலாம். பேரவையிடம் இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதைப் போலவே இன்னொன்றைச் செய்து, பதினொரு வரியையும் சேர்த்து வேறு பெயரில் வெளியிட்டாள். பத்து நிமிட வேலை. சட்டப்படி குற்றமில்லை. சாவி மட்டும் வேறு. ஆகவே அவரவர் செல்போனில் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைக் கையால் போடவேண்டும். ஊர்க் கண்மாய்ப் பாசனத்தில் நூற்றுப் பதினெட்டு செல்போன். வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடைமடையில் முப்பத்தோரு பேர் உடனே செல்போனை நீட்டினார்கள். தலைமடைப் பக்கம் வீரய்யா நீட்டவில்லை.

“பேரவை சர்டிபிகேட் இல்லாத நேரத்த நான் எப்புடிம்மா நம்புறது? நீ போட்டாலும் பேரவை போட்ட மாதிரி ஆகுமா? அவுக சொல்லட்டும், அடுத்த நிமிசம் போட்டுக்கிறேன்.” அவர் சொன்னதில் தப்பில்லை. பேரவையை நம்பச்சொல்லி மூன்று வருடம் முன்பு அவரிடம் நோட்டீஸ் கொடுத்ததே இளமதிதான்.

அடுத்த முறையன்று எட்டு மணிக்கு வீரய்யா தன் வாமடையை வெட்ட வந்தார். உண்ணாமலை மண்வெட்டியைக் குறுக்கே போட்டு நின்றாள்.

“எஞ் செல்லுல எட்டு அம்பத்திரெண்டு வரைக்கும் என் முறை!”

“எஞ் செல்லுல எட்டுத்தான் ஆத்தா!”

இருவரும் செல்போனை எடுத்து ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் நீட்டினார்கள். அவரவர் செல்போனில் அவரவர் சொன்னதே இருந்தது. கூட்டம் கூடியது. தள்ளுமுள்ளுவில் வாய்க்கால் கரை உடைந்து, கால்மணி நேரத் தண்ணீர் கருவேலங்காட்டுக்குள் போனது. அதற்குப் பேரவையின் சான்றிதழும் இல்லை, இளமதியின் பதினொரு வரியும் இல்லை. சும்மாவே போனது.

கரையில் நின்று பார்த்த இளமதிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. முறை என்பது எல்லோர் கையிலும் ஒரே நேரம் இருப்பதுதான். எல்லோரிடமும் இருக்கிற தப்பான நேரம் உண்ணாமலைக்கு ஒரு மணி நேரத் தண்ணீராவது கொடுத்தது. சிலரிடம் மட்டும் இருக்கிற சரியான நேரம் அதையும் கெடுத்தது. அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தோரு செல்போனிலும் தன் நகலைத் தன் கையாலேயே நீக்கிவிட்டு, பழையதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாள்.

“போட்டதையும் நீயே புடுங்குறியா?” என்று கேட்டாள் உண்ணாமலை.

தை பிறந்த பிறகும் அன்வர் பாட்சா தினமும் காலை பத்து மணிக்கு அறிவிப்பு அனுப்பினார். ஒவ்வொரு அறிவிப்போடும் அறுபது பக்கச் சுதந்திர ஆய்வறிக்கையை, தலைவர் படத்தோடு, இணைத்து அனுப்பவேண்டும் என்பது ஒழுங்கு. தை இருபத்தெட்டாம் தேதி, நாற்பத்தேழாவது அறிவிப்புக்கு வேறுமாதிரி ஒரு பதில் வந்தது. வெள்ளைச்சாமியின் மெயில்பெட்டி நிரம்பிவிட்டது, கடிதம் திருப்பி அனுப்பப்படுகிறது என்று மெயில் இயந்திரம் சொன்னது. நிரப்பியது தலைவரின் படம்.

அன்வர் பாட்சா இளமதிக்குப் போன் செய்தார். “கடிகாரம் ஓடுதும்மா! இது மெசினு அனுப்புன கடிதம். மெசினு உறுப்பினர் இல்லை. அதனால இது பதில் ஆகாது.”

“முன்னால வந்த நாப்பத்தாறும் மெசினு அனுப்புனதுதானேண்ணே?”

“அது உறுப்பினர் பேர்ல மெசினு அனுப்புனதும்மா. இது மெசினு பேர்லயே மெசினு அனுப்புனது.”

மூன்று நாள் யாரும் ஒன்றும் எழுதவில்லை. முறைத்தண்ணி சுதந்திரம் அடைந்தது.

விழா மாசி இரண்டாம் ஞாயிறு காலை. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். வெள்ளித்தட்டில் கற்கண்டு, ஒரு முழம் மல்லிகைப்பூ, நடுவே பென் டிரைவ். பயனாளி ஒருவர் மேடையில் இருக்கவேண்டும் என்று பேரவை கேட்டிருந்ததால் இளமதி உண்ணாமலையை அழைத்து வந்திருந்தாள். உண்ணாமலை வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு, வயலில் வேலை ஒன்றும் இல்லாததால் வந்தாள். கதிர்கள் வெளிவந்தபோதே வெள்ளையாக வந்தன. பிதுக்கினால் பால் இல்லை; எல்லாம் பதர். தை கடைசியில் மாடுகளை உள்ளே விட்டுவிட்டாள்.

தலைவர் பேசினார். “நாற்பத்தேழு அறிவிப்புகள்! ஒருவர்கூட எதிர்க்கவில்லை. யாருமே எதிர்க்காத ஒரு காரியத்தை இவ்வளவு நாள், இவ்வளவு கவனமாக ஆராய்ந்த அமைப்பு வேறு எங்காவது உண்டா? அவசரப்பட்டிருந்தால் மார்கழியிலேயே முடிவெடுத்திருக்க முடியும். நாம் அந்தத் தவறைச் செய்யவில்லை.”

இளமதி சாவியை வாங்கினாள். மேடையிலேயே மடிக்கணினியில் செருகி, பதினொரு வரியை வெளியிட்டாள். சரியாகப் பதினான்கு நொடி ஆனது. உண்ணாமலையின் செல்போன் மடியில் அதிர்ந்தது. அவள் அதை எடுத்து இளமதியிடம் கொடுத்தாள். ‘நாளை காலை ஆறு ஐம்பத்திரண்டு முதல் எட்டு ஐம்பத்திரண்டு வரை உங்கள் முறை.’

நிமிடம்கூடப் பிசகவில்லை. கண்மாய் வற்றிப்போனது மென்பொருளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேறு வரிகள் எழுதவேண்டும்.

“பயனாளி ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்று தலைவர் மைக்கை நீட்டினார்.

உண்ணாமலை எழுந்தாள். “நேரம் சரியா வந்துருக்குங்க” என்றாள்.

அரங்கம் கைதட்டியது. கைதட்டல் முடியட்டும் என்று அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். முடிவதற்குள், நன்றியுரை சொல்பவர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது இளமதி கேட்டாள். “இன்னும் என்னமோ சொல்ல வந்தீங்களே அயித்த?”

“கம்மாயில தண்ணி இல்லைன்னு சொல்ல வந்தேன். அம்புட்டுப் பேரு சந்தோசமா கைதட்டுறாக. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்.” கொஞ்ச தூரம் நடந்தபின் செல்போனை எடுத்து நீட்டினாள். “இத எடுத்து விட்டுரு. நாளைக்குக் காலையில சும்மா கெடந்து கத்தும்.”

இளமதி சாலையோரமாக நின்று நீக்கிக் கொடுத்தாள். நாலு நொடி ஆனது.